கும்பத் தேங்காய்க்கு நான் கேட்ட விலை

என் மில்லுக்கு முதல் போட்டது யார் என்று கேட்டால், எங்கள் தோட்டத்துக் கடைக்காரர் என்றுதான் இன்றும் சொல்வேன். கேட்டவர்கள், "பரவாயில்லையே, நல்ல மனுஷன்!" என்பார்கள். நல்ல மனுஷனாம்! அவர் மனமுவந்து எனக்கு ஒரு சதம் தந்தவரில்லை. அவர் வாயாலேயே அவர் காசை வெளியே எடுக்க வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு குளிர்கிறது. வயசான மனுஷன், போனால் போகட்டும் என்று விட்டுவிடக் கூடாதா என்று என் வீட்டுக்காரர் எத்தனையோ தடவை கேட்டுவிட்டார். விட முடியாது. நான் அப்படிப் பிறக்கவில்லை.

அந்த ஆள் எனக்கு அந்நியமில்லை. என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, எனக்கு மாமா முறை. லுணுகலையிலிருந்து பஸ் ஏறி, சந்தியில் இறங்கி, மேலே நடந்தால் எங்கள் தோட்டம். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே அவருடைய கடை. தோட்டத்தில் இருந்தது அந்த ஒரே கடைதான். அரிசி, மா, சீனி, கருவாடு, செருப்பு, காய்ச்சல் மாத்திரை எல்லாம் அங்கேதான். மிளகாய்த்தூளும் அங்கேதான். அந்தத் தூளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கறியில் போட்டால் நிறம் வரும், காரம் வராது. அடியில் தவிடு மாதிரி தங்கும். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்து என்ன செய்வது? சம்பளத்துக்கு முன்னால் சாமான் கொடுப்பவர் அவர். அதோடு அம்மன் கோயில் கமிட்டித் தலைவரும் அவரேதான். அவரை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது.

எனக்கு வந்தது. அதுதான் வினை.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நான் கொழுந்து பறித்தவள். ஒரு மழைக்காலத்தில் சரிவில் விழுந்து முழங்கால் பிசகிய பிறகு மலை ஏற முடியவில்லை. தோட்டப் பதிவில் பெயரை வெட்டிக்கொண்டு, லுணுகலை டவுனில் ஒரு மிளகாய் மில்லில் வேலைக்குப் போனேன். நிறுப்பது, கொட்டுவது, சலிப்பது, கூட்டுவது என்று ஆரம்பித்து, இரண்டு வருடத்தில் அரைக்கும் கல்லைக் கழற்றி, கூர் கொத்தி மாட்டுகிற அளவுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்குப் போனால் என் மேலிருந்து வரும் நெடியில் என் வீட்டுக்காரர் தும்முவார். ஸ்டோரில் ரோலர் பக்கத்தில் நின்று வேலை செய்யும் மனுஷன், பச்சைத் தேயிலை வாசம் தவிர வேறு எதுவும் அவர் மூக்குக்குப் பழக்கமில்லை. "இந்த நெடியோட நீ கட்டில்ல படுக்காத, வாசல்ல படு" என்று கேலி செய்வார்.

அந்த மில்லுக்கு வருபவர்களில் பாதிப் பேர் எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள். அரைக் கிலோ மிளகாயை மடியில் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வருவார்கள். அப்போதுதான் எனக்குத் தோன்றியது: சந்தியிலேயே ஒரு மில் இருந்தால் என்ன? கரண்டு அந்த வருடம்தான் சந்திவரை வந்திருந்தது. சலூனுக்குப் பக்கத்தில் ஒரு அறை சும்மா கிடந்தது. பண்டாரவளையில் ஒரு பெரியவர் தன் பழைய மில் மெஷினை மோட்டாரோடு விற்கப்போவதாக முதலாளி ஒருநாள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் போய்ப் பார்த்தோம். நல்ல மெஷின். கல் புதுசு. பெரியவர் நியாயமான விலைதான் சொன்னார். என் காதுத் தோட்டையும் சங்கிலியையும் அடகுவைத்து அட்வான்ஸ் கொடுத்தேன். மிச்சம் முப்பதாயிரம். "வைகாசி வரைக்கும் பொறுக்கிறேன் மகள். அதுக்குமேல வேற ஆளுக்குக் குடுத்திருவேன், அட்வான்ஸும் திரும்பாது" என்றார். நான் தலையாட்டினேன். பாங்கு என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்ற தைரியம்.

பதுளையில் பாங்குக்குப் போனேன். கடன் பகுதியில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் இருந்தார். கடுகடுப்பில்லாமல்தான் பேசினார். "இருங்கோ பிள்ளை. காணி உறுதி ஏதும் கிடக்கோ?" என்றார்.

"இல்லைங்க ஐயா. லயத்துல இருக்கோம்."

"வீடு உங்கட பேரில இல்லையோ?"

"காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம்ங்க."

"அப்ப அரசாங்க உத்தியோகம் பார்க்கிற ரெண்டு பேர் பிணை நிக்க வேணும். ஆராவது இருக்கினமோ?"

எங்கள் லயத்திலும் பக்கத்து லயத்திலும் தேடினாலும் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர் ஒருவர் இல்லை. அதைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "நான் என்ன செய்யிறது பிள்ளை, சட்டம் அப்பிடி" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்றுகூடக் கேட்டார். நான் குடிக்கவில்லை.

மிச்சம் இருந்த ஒரே வழி கோயில் காசு. எங்கள் தோட்டத்தில் அது பழைய வழக்கம். மாதாமாதம் எல்லோர் சம்பளத்திலும் கோயிலுக்கென்று ஒரு தொகை வெட்டுவார்கள். அதோடு உண்டியலும் சேர்ந்து கமிட்டியிடம் இருக்கும். பசு வாங்க, கல்யாணம் செய்ய, திரீவீலருக்கு முன்பணம் கட்ட என்று கேட்பவர்களுக்கு அதிலிருந்து கடன் கொடுப்பார்கள். கையெழுத்தும் கிடையாது, பிணையும் கிடையாது. கேட்பவர் கோயில் வாசலில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று கேட்க வேண்டும். யாரும் மறுக்காவிட்டால், கையில் கற்பூரம் கொளுத்தி, அதை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அம்மன் காசை ஏமாற்றியவர் எங்கள் தோட்டத்தில் அதுவரை இல்லை. ஏமாற்றிவிட்டு எந்தப் பீலியில் தண்ணீர் பிடிப்பது, யார் வீட்டுச் சாவுக்குப் போவது?

தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு கூட்டம். எழுந்து நின்றேன். சந்தியில் மில் போடப்போவதையும், மெஷின் பார்த்து வைத்திருப்பதையும், மாதாமாதம் கட்டிவிடுவேன் என்பதையும் சொன்னேன். பெண்கள் பக்கம் சலசலப்பு. "நல்லதுதானே, பஸ்ஸுக்குக் குடுக்குற காசு மிச்சம்" என்று யாரோ சொன்னது கேட்டது. மாமா கதிரையில் சாய்ந்துகொண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசினார். என்னைப் பார்த்துப் பேசவில்லை.

"கேட்டீங்களா கதைய? கொழுந்துக் கூடைய எறக்கி வச்சிட்டு ரெண்டு வருசம் டவுன் காத்து அடிச்சதும் மொதலாளியம்மா ஆகணுமாம். ஏ புள்ள, ஒங்க வீட்டு அம்மியில ஒரு துண்டு மஞ்ச அரைக்கவே ஒங்க மாமியாருதான் வரணும். ஒனக்கு மில்லு எதுக்கு? ஒம் புருசன் சும்மா இருக்கான்னு அவன மாவரைக்க விடப்போறியா?"

ஆண்கள் பக்கம் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. என்னைச் சொன்னதைக்கூட விட்டுவிடலாம்.

"குடுக்க மாட்டேன்னு சொல்றீங்களா மாமா?" என்று கேட்டேன்.

அவர் சாமர்த்தியக்காரர். மறுத்தால் பெண்கள் முறைப்பார்கள் என்று தெரியும். "நான் ஏன் புள்ள மறுக்கப்போறேன்? சாமி காசு எல்லாருக்கும் பொது. ஆனா இப்ப பொட்டியில காசு இல்ல. சித்திரையில திருவிழா முடியட்டும், மிச்சம் இருந்தா நீதான் மொத ஆளு. இத்தன பேருக்கு முன்னால சொல்றேன், போதுமா?" என்றார். மறுபடியும் சிரிப்பு. ஏனென்றால் திருவிழா முடிந்தால் மிஞ்சுவது கடன் மட்டும்தான் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். மேளக்காரருக்கு, பந்தல்காரருக்கு, பூக்காரருக்கு என்று பாக்கி நிற்கும்.

அதோடு விட்டாரா? அடுத்த வாரம் நான் மில்லுக்குப் போனால் முதலாளி முகம் கொடுத்துப் பேசவில்லை. மத்தியானம் கூப்பிட்டு, "நீ சந்தியில மில் போடப்போறியாமே. எங்கிட்டயே தொழில் படிச்சு எனக்கே எதிரா கடை போடுறியா? ஒங்க மாமா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாளையிலருந்து வராத" என்றார். அதற்காகவே பஸ் ஏறி வந்திருக்கிறார் அந்த ஆள். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்! அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் நினைத்தேன். இவர் காசிலேயே நான் மில் போட வேண்டும். வேறு யார் காசும் வேண்டாம்.

சும்மா கோபத்தில் நினைத்ததுதான். எப்படி என்று அப்போது தெரியாது. காது மூளியாக, வேலையும் இல்லாமல், மாமியார் முகத்தையும் பார்க்க முடியாமல் தையும் மாசியும் போயின. பங்குனியில் ஒருநாள் பீலியில் தண்ணீருக்கு நின்றபோது வழி கிடைத்தது. கொடுத்தவள் வேறு யாருமில்லை, கடைக்கார மாமாவின் மனைவி, என் அத்தை. அவளுக்குப் பெருமை பேசாவிட்டால் சோறு செரிக்காது. மகளுக்குப் பதுளையில் பெரிய புடவைக்கடைக்காரர் வீட்டுச் சம்பந்தம் வந்திருக்கிறதாம். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, சித்தப்பா எல்லோரும் திருவிழாவின் மஞ்சள் நீராட்டு அன்று கோயிலுக்கு வருகிறார்களாம். "எங்க வீட்டு மதிப்ப அவங்களும் பாக்கட்டுமே. அன்னைக்குத்தான ஒங்க மாமா கும்பத் தேங்கா எடுப்பாரு" என்றாள்.

குடம் நிரம்பி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

அந்தத் தேங்காயைப் பற்றிச் சொல்கிறேன். திருவிழா ஐந்து நாளும் அம்மனுக்கு முன்னால் கும்பத்தின் உச்சியில் இருக்கும் தேங்காய் அது. கடைசி நாள் மஞ்சள் நீராட்டு முடிந்ததும் சாமிக்குப் படைத்த பொருட்களை ஏலம் விடுவார்கள். சூலத்து எலுமிச்சம்பழம், கரும்பு, மாம்பழம், பட்டு எல்லாம் ஏலத்துக்கு வரும். முதலில் வருவது கும்பத் தேங்காய். எடுத்தவர் அதைச் சிவப்புத் துணியில் கட்டிக் கடையிலோ வீட்டிலோ தொங்கவிடுவார். அந்த வருடம் முழுக்கக் கோயிலில் முதல் திருநீறு அவருக்குத்தான். மற்றப் பொருட்களுக்கு ஆடி வரை தவணை உண்டு. தேங்காய்க்கு மட்டும் கடன் கிடையாது, அதே இடத்தில் காசு வைக்க வேண்டும். கேட்டுவிட்டுக் காசு வைக்காவிட்டால் சாமியிடம் பொய் கேட்டதாக அர்த்தம். அந்தக் குடும்பத்துக்குக் கோயில் வாசல் அடைத்துவிடும்.

மாமா அதை வருடாவருடம் ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டிருந்தார். எதிர்த்துக் கேட்க யாருமில்லை. முதலில் ஒரு விலை சொல்வார், பூசாரி மூன்று தரம் சொல்லுவார், தப்பு அடிப்பார்கள், முடிந்தது.

அன்று பீலியிலேயே நான் வேலையைத் தொடங்கினேன். "சந்தோசம் அத்த. எனக்கும் காசு ஒரு பக்கத்துல சரியாயிருச்சு. கொழும்புல ஒரு ஆளு தாரேன்னுட்டாங்க. இனி கோயில் காசு எனக்கு வேணாம்" என்றேன். கொழும்பில் எனக்கு யாரையும் தெரியாது. அத்தை குடத்தைத் தூக்கியதும் தூக்காததுமாகக் கடைப் பக்கம் நடந்தாள். சாயங்காலத்துக்குள் மாமாவின் காதுக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரம் இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பதுளைக்கு ஒருமுறை சும்மா போய்வந்தேன். கதை நன்றாகப் பரவட்டும் என்றுதான். பஸ்ஸுக்குக் கொடுத்த காசு அப்போது எனக்குப் பெரிய காசு.

மஞ்சள் நீராட்டு அன்று காலையில்தான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அவரு விட்டுட்டாருன்னா?"

"விட மாட்டாரு."

"இல்ல புள்ள, விட்டுட்டாருன்னா? நம்ம கையில என்னா இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"அம்மா சாமி!" என்று கட்டிலில் உட்கார்ந்தார். பொத்தானைத் திருகிக்கொண்டே, "அன்னைக்கு எனக்காகவா கோவப்பட்ட?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து, மிச்சப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, "சரி, வா" என்றார். அந்த மனுஷனைக் கட்டியதற்கு அன்று ஒருநாள் முழுக்கச் சந்தோஷப்பட்டேன்.

கோயில் வாசலில் எல்லோர் உடம்பிலும் மஞ்சள் தண்ணீர். சம்பந்தி வீட்டார் மட்டும் பளிச்சென்று முன்னால் கதிரையில் இருந்தார்கள். மாமா பட்டு வேட்டியும் தங்கச் சங்கிலியுமாக அவர்களுக்குப் பக்கத்தில் நின்றார். பூசாரி தேங்காயைத் தூக்கிப் பிடித்தார். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை.

"அஞ்சு நாளு ஆத்தா தலையில இருந்த தேங்கா! யாரு கேக்குறா?"

"ஐந்நூறு" என்றார் மாமா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"ஆயிரம்" என்றேன்.

பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். பக்கத்திலிருந்தவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அடி ஆத்தி, ஒனக்குப் பைத்தியமாடி?"

மாமா முகம் மாறிப்போயிற்று. "பூசாரி, பொம்பளைங்க இதுல கேக்குறதில்ல" என்றார்.

பூசாரிக்கு அவர் கடையில் நிறையப் பாக்கி. ஆனால் வாய் சும்மா இருக்காது. "கேக்கக் கூடாதுன்னு சட்டம் இல்லீங்களே. ஆத்தாளே பொம்பளதானே, நானா போய் அவகிட்ட சொல்றது?" என்றார். ஆண்கள் பக்கமே சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு வேறு ஆள்மேல்.

"ரெண்டாயிரம்" என்றார் மாமா.

"அஞ்சாயிரம்."

சம்பந்தி வீட்டுப் பெரியவர் திரும்பி என்னைப் பார்த்தார். யார் இந்தப் பெண் என்று கேட்டிருக்க வேண்டும். அத்தை குனிந்து ஏதோ சொன்னாள். மாமா ஏழாயிரம் என்றார். நான் பத்து என்றேன். பதினைந்து. பதினெட்டு. என் இடுப்பில் ஒரு சுருக்குப் பை செருகியிருந்தேன். உள்ளே வெற்றிலையும் பாக்கும்தான். ஒவ்வொரு தடவை விலை சொல்லும்போதும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மாமாவின் கண் என் முகத்தில் இல்லை, அந்தப் பையில்தான் இருந்தது.

மேளத்துக்கும் பந்தலுக்கும் நின்ற பாக்கி போக எனக்கு முப்பதாயிரம் மிஞ்ச வேண்டுமென்றால் அவர் நாற்பதாயிரத்தைத் தாண்டிப் போய் நிற்க வேண்டும் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அதற்கு முன்னால் அவர் நின்றுவிட்டால் என் கதை முடிந்தது. இருபத்தைந்து என்றார். இருபத்தெட்டு என்றேன். முப்பது என்றார். முப்பத்தொன்று என்றேன்.

அவர் மேலே கேட்கவில்லை.

துண்டால் முகத்தைத் துடைத்தார். பூசாரி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "முப்பத்தோராயிரம், ஒரு தரம்!" தப்பில் ஒரு அடி. மாமா தேங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆத்தா, நான் தப்புச் செய்துவிட்டேன், என்னை விட்டாலும் என் வீட்டுக்காரரை உன் வாசலுக்கு வெளியே நிற்கவைக்காதே என்று மனதுக்குள் கும்பிட்டேன். என் வீட்டுக்காரர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். இந்தத் தடவை தலை குனியவில்லை.

"முப்பத்தோராயிரம், ரெண்டு தரம்!"

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். எங்கிருந்து அந்தச் சிரிப்பு வந்தது என்று இன்றுவரை தெரியாது. மாமாவைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "விடுங்க மாமா. கல்யாணச் செலவு வேற இருக்குல்ல, பாவம்" என்றேன்.

சம்பந்தியின் தம்பி தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான். மாமா கையைத் தூக்கிக்கொண்டு, "நாப்பத்தஞ்சு! நாப்பத்தஞ்சாயிரம்! யாருக்கு யாருடி பாவம் பாக்குறது?" என்று கத்தினார்.

நான் தலைக்குமேல் கைகூப்பினேன். "மாமாவுக்கே இருக்கட்டும்" என்றேன்.

மூன்று தரம் சொன்னார்கள், தப்பு முழங்கியது, குலவை போட்டார்கள். கழுத்தில் மாலையோடும் கையில் தேங்காயோடும் நின்ற அந்த ஆளின் முகத்தைப் படம் பிடிக்க அன்று ஒரு கமெரா இல்லாமல் போனதே என்று இன்னும் வருத்தம்தான். கடையிலிருந்து காசுப் பெட்டி வந்தது. சம்பந்தி பார்க்க, சாமான் வாங்க வைத்திருந்த காசு, கல்யாணத்துக்கு வைத்திருந்த காசு எல்லாம் தட்டில் ஏறியது. அந்தத் தட்டு கோயில் படியில் இருக்கும்போதே நான் எழுந்து நின்றேன்.

"தலைவர் அய்யா, தைப்பொங்கல் கூட்டத்துல எனக்கு ஒரு வாக்குக் குடுத்தீங்க. திருவிழா முடிஞ்சு மிச்சம் இருந்தா மொத ஆளு நான்தான்னு. எனக்கு முப்பதாயிரம் வேணும்" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். "அதான் ஒனக்குக் கொழும்புலருந்து..." என்று ஆரம்பித்தார்.

"அந்த ஆளு மாட்டேன்னுட்டாங்க மாமா."

"கணக்குப் பாக்கணும். இப்பிடித் திடீர்னு..."

பெண்கள் விடவில்லை. "என்னா கணக்கு? நாங்களுந்தானே கேட்டுக்கிட்டு இருந்தோம்!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். "ஆத்தா வாசல்ல வாக்குக் குடுத்துட்டு மாத்திப் பேசக் கூடாது" என்றாள் இன்னொருத்தி. பூசாரி கற்பூரத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது எரிந்த சூடு எனக்குத் தெரியவேயில்லை. ஒரே அடியில் அணைத்தேன். கடன் காசைக் கமிட்டித் தலைவர்தான் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தார். அவர் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்ததை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். பார்ப்பதற்காகவே மெதுவாக வாங்கினேன்.

வைகாசி பிறக்குமுன் மெஷின் சந்திக்கு வந்துவிட்டது. லொறியிலிருந்து இறக்க லயத்து ஆண்கள் எல்லோரும் வந்தார்கள், தைப்பொங்கலில் சிரித்தவர்கள் உட்பட. அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். ஆனால் யார் யார் சிரித்தார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. மாதாமாதம் தவணையைத் தலைவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். கமிட்டிக் கணக்குப்பிள்ளையிடம் கட்டினாலும் போதும்தான். நான் கடைக்கே போனேன், அவர் வியாபாரத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து, மிளகாய் நெடி அடிக்கும் சேலையோடு. நோட்டை வாங்கியதும் அவருக்குத் தும்மல் வரும்.

அவர் மகள் கல்யாணம் நடந்தது. அதற்கான மிளகாயையும் மல்லியையும் என்னிடம் கொண்டுவராமல் பசறைக்கு மூட்டை கட்டி அனுப்பி அரைத்தார் மனுஷன். அனுப்பட்டும், லொறிக் கூலி யாருடையது? அவர் கடைத் தூளை வாங்க ஆளில்லாமல் போய், பிறகு கருவாட்டுக்கும் சீனிக்கும் சந்தியில் வேறு கடைகள் வந்து, இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு அவர் கடையில் பாதி அலமாரி காலி. கமிட்டியிலும் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். எல்லாம் என்னால் ஆனதென்று சொல்ல மாட்டேன். ஆகாமலும் இல்லை.

கடைசியில் ஒருநாள் அவரே மில்லுக்கு வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. கையில் ஒரு பையில் மிளகாய். பசறைக்குப் போகுமளவுக்கு உடம்பில் தெம்பில்லை போலும். வரிசையில் லயத்துப் பெண்கள் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் நின்றார். ஒருத்தி, "பெரியவரு, நீங்க முன்னால வாங்க" என்றாள். "வரிசையில வரட்டும்" என்றேன். அவர் முறை வந்தபோது மில்லில் வேறு யாருமில்லை. மிளகாயை நிறுத்துக் கொட்டினேன். அரைந்து விழும்வரை கதவோரம் நின்றவர், மோட்டாரை நிறுத்தியதும் பக்கத்தில் வந்தார்.

"ஒண்ணு கேக்கணும் புள்ள. ரொம்ப நாளா மனசுல கெடக்கு. அன்னைக்கு ஏலத்துல ஒங்கிட்ட எவ்வளவு இருந்துச்சு? அம்பதாயிரம் இருக்கும்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

ஐம்பதாயிரம் இருந்தது மாமா என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பெரிய கையோடுதான் மோதித் தோற்றோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு போயிருப்பார். குழி விழுந்த கன்னமும் நனைந்த சட்டையுமாக நின்றவரைப் பார்த்தபோது கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. பிறகு தைப்பொங்கல் கூட்டத்தில் குனிந்த அந்தத் தலை ஞாபகம் வந்தது. அப்புறம் எங்கே இரக்கம்?

"ஒரு சதம்கூட இல்ல மாமா" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. "என்னா?"

"ஒண்ணுமே இல்ல. பூசாரி மூணாவது தரம் சொல்லியிருந்தாருன்னா வைக்க எங்கிட்ட ஒரு ரூவா இல்ல. அன்னைக்கே லயத்த விட்டு ஓடியிருப்போம். இந்த மில்லு இருந்திருக்காது, ஒங்க கடைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது." தூளைப் பையில் கொட்டி, வாயைக் கட்டி, அவர் கையில் கொடுத்தேன். "நீங்க ஒரே ஒரு நிமிசம் வாய மூடிக்கிட்டு நின்னிருந்தாப் போதும் மாமா."

அவர் ஏதோ சொல்ல வந்தார். சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார். இத்தனை வருடம் பிந்தி.